ஆண்மைக்குறைவுன்னு ஒரு கெட்ட வார்த்தை

கடைப் பக்கம் வந்து ரெண்டு மாசம் ஆச்சு. ப்ராஜெக்ட், அசைன்மென்ட், மைனஸ் இருபது குளிர் என்று காரணம் சொல்ல நிறைய இருக்கு. எதுவும் நிஜமான காரணம் இல்லை. இந்தப் பதிவை மூணு தடவை எழுதி மூணு தடவையும் அழிச்சேன், அதுதான் விஷயம். தலைப்பைப் பார்த்துட்டு "பயபுள்ள ஹிட்ஸுக்கு அலையுறான்"னு நினைக்கிறவங்க தாராளமா நினைச்சுக்கலாம் :-) பின்னாடி வீட்டுப் பெரியவங்க நின்னுக்கிட்டிருந்தா விண்டோவைச் சின்னதாக்கிட்டு அப்புறமா படிங்க. அவங்களையும் பக்கத்துல உட்காரவெச்சுப் படிச்சா இன்னும் நல்லது.

நான் இருப்பது ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்ட் என்று ஏற்கனவே புலம்பியிருக்கிறேன். மேல் வீட்டில் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அங்கிள், ஆன்ட்டி, வேலைக்குப் போகும் ஒரு மகள். அங்கிளுக்கு அறுபதை நெருங்கும் வயசு. சர்க்கரை, பிரஷர் ரெண்டும் பல வருஷமா இருக்கு. கடைக்கும் பஸ்ஸுக்கும் போதுமான இங்கிலீஷ் வைத்திருக்கிறார். உடம்பைப் பற்றிச் சொல்ல அது போதாது. அதனால் டாக்டரிடம் போகும்போதெல்லாம் மகள் கூடப் போவார். போன மாதம் மகளுக்கு ஷிப்ட் மாற்ற முடியவில்லை. ராத்திரி கதவைத் தட்டினார்.

"தம்பி, நாளைக்கு உமக்கு நேரம் இருக்கோ? ஒருக்கா டொக்டரிட்ட வரவேணும்."

(அங்கிளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "பேரைப் போடாதையும், ஊரைப் போடாதையும், பிள்ளை வாசிச்சாலும் விளங்கக் கூடாது" என்றார். அதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

பிளாசாவுக்குள் ஒரு சின்ன கிளினிக். வழக்கமான டாக்டர் லீவு. பதிலுக்கு வந்திருந்தவர் முப்பது வயசுகூட ஆகாத ஒரு பெண். உள்ளே போனதும், போனில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார். அங்கிள் அவசரமாகத் தலையாட்டி வேண்டாம் என்றார். "தம்பி இருக்கிறார்தானே."

பிரஷர் பார்த்தார்கள். மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இருக்க வேண்டிய அளவைவிட ரொம்ப அதிகம். ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று டாக்டர் கேட்க, நான் தமிழில் கேட்க, "ஓம் ஓம்" என்றார் அங்கிள். டாக்டர் மேலே குடையவில்லை. கம்ப்யூட்டர் பக்கமிருந்து நாற்காலியை முழுசாகத் திருப்பிக்கொண்டு, குரலில் எந்த மாற்றமும் இல்லாமல், கால் மரத்துப் போகுதா என்று கேட்கிற அதே தொனியில் கேட்டார்: "இத்தனை வருஷம் சர்க்கரை இருக்கிற ஆண்களில் நிறையப் பேருக்கு விறைப்பு வருவதில் சிரமம் இருக்கும். உங்களுக்கு எப்படி?"

மக்களே, நான் படிக்கிறது பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ். நாள் முழுக்க மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளோடுதான் குப்பை கொட்டுகிறேன். அந்த ஒரு வரிக்குத் தமிழ் வரவில்லை எனக்கு. சட்டென்று நாக்கு நுனிக்கு வந்தது "ஆண்மைக்குறைவு". அங்கிள் முகத்தைப் பார்த்தேன். அப்பா வயசு. அந்த வார்த்தையை முழுங்கினேன்.

"அது வந்து அங்கிள்... சர்க்கரை இருக்கிற நிறைய ஆம்பளைங்களுக்கு... அந்த நேரத்துல சரியா எழும்பாம இருக்குமாம். உங்களுக்கு எப்படின்னு கேக்குறாங்க."

சுவரில் தொங்கிய நுரையீரல் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம், "ஓம்" என்றார். "மூண்டு வருசமா."

அடுத்து வந்ததுதான் முக்கியம். பிரஷர் மாத்திரையால்தான் இப்படி ஆகிறது என்று யாரோ சொல்லக் கேட்டு, பல மாதமாக அதை நாலு நாளைக்கு ஒன்று என்றுதான் போட்டு வந்திருக்கிறார். வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு தடவையும் மகளோடு வந்து, "ஓம் ஓம், ஒழுங்கா எடுக்கிறன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். மகள் வாயால் மொழிபெயர்த்து டாக்டரிடம் எந்த அப்பன் இதைச் சொல்லுவான்?

அவர் கேட்டது முழுக்கப் பொய்யும் இல்லை. சில வகை பிரஷர் மாத்திரைகளுக்கு, முக்கியமாகப் பழைய பீட்டா பிளாக்கர்களுக்கும் சில நீர் மாத்திரைகளுக்கும், இந்தப் பக்கவிளைவு உண்டு. மாற்றுவதற்கு வேறு மாத்திரைகளும் இருக்கின்றன. ஆனால் மாற்றச் சொல்லிக் கேட்பதற்கு முதலில் பிரச்சினையைச் சொல்ல வேண்டுமே. கட்டுப்படாத பிரஷரும் சர்க்கரையும் சேர்ந்தால் கடைசியில் போய் நிற்கிற இடம் பக்கவாதம் இல்லையென்றால் மாரடைப்பு. ஒரு கூச்சத்துக்காக மனுஷன் அங்கே நடந்து போய்க்கொண்டிருந்தார்.

நான் பதிவு போட வந்ததே இதற்காகத்தான். ஆம்பளை தானாக வாயைத் திறக்க மாட்டான். டாக்டர்தான் முதலில் கேட்க வேண்டும். இது என் கண்டுபிடிப்பு இல்லை. டயாபடீஸ் கனடா அமைப்பின் 2018 வழிகாட்டுதலே, சர்க்கரை நோய் உள்ள வயதுவந்த ஆண்கள் எல்லாரிடமும் பாலியல் செயல்பாடு பற்றித் தவறாமல் விசாரிக்க வேண்டும் என்கிறது. அப்படியும் அங்கிளுக்கு இது நாள்வரை அந்தக் கேள்வி வரவில்லை. பத்து நிமிஷ அப்பாயின்மென்ட், பக்கத்தில் மகள். பழைய டாக்டர் கேட்காமல் விட்டதில் எனக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. மகளைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லியிருக்கலாம் என்கிற கோபம் மட்டும் இருக்கு.

புது டாக்டர் கேட்ட விதத்தைக் கவனிங்க. "உனக்கு இருக்கா?" என்று ஆரம்பிக்கவில்லை. "நிறையப் பேருக்கு இருக்கும்" என்று ஆரம்பித்தார். அது சும்மா சமாதானத்துக்குச் சொன்னதும் இல்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் ஆண்கள் ஆய்வு என்று ஒன்று, 1994-ல் வெளிவந்தது. 40 முதல் 70 வயது வரையுள்ள ஆண்களில் 52 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு அளவில் இந்தப் பிரச்சினை இருந்தது. (புள்ளியியல்காரன் புத்தி: அதில் எப்போதாவது லேசாகச் சிரமப்படுகிறவர்களும் அடக்கம். முழுமையாக முடியாதவர்கள் சுமார் 10 சதவீதம்தான். 52 என்பதை மட்டும் பெரிசாகப் போட்டு மருந்து விற்கிறவர்களிடம் ஜாக்கிரதை.)

இது மனசு சம்பந்தப்பட்டதா, உடம்பு சம்பந்தப்பட்டதா என்பதில் டாக்டர்களே ரொம்பக் காலம் குழம்பித்தான் கிடந்தார்கள். எல்லாம் மனப் பிரமை என்று சொல்லி அனுப்பிய காலம் அது. அதை உடைத்த கதையை நமக்குச் சொன்னவர் ஒரு டொராண்டோக்காரர். சிறுநீரியல் மருத்துவர் லாரன்ஸ் க்ளாட்ஸ், இங்கே சன்னிபுரூக் மருத்துவமனையில் பிராஸ்டேட் புற்றுநோய்க்குப் பேர் போனவர். 1983-ல் பயிற்சி மருத்துவராக இருந்தபோது லாஸ் வேகஸில் நடந்த சிறுநீரியல் மாநாட்டுக்குப் போயிருக்கிறார். லிஃப்டில் கூடவே நீல நிற ட்ராக் சூட்டில், கையில் ஒரு சுருட்டுப் பெட்டியோடு பதற்றமாக ஒருவர். பெட்டிக்குள் ஸ்லைடுகள். அவர்தான் அன்றைக்குப் பேச வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி கைல்ஸ் பிரிண்ட்லி.

மேடையில் பிரிண்ட்லி காட்டிய ஸ்லைடுகள் அத்தனையும் அவருடைய சொந்த உறுப்பின் படங்கள். மருந்தை ஊசியில் நேராக அங்கே செலுத்திக்கொண்டால் ரத்தக் குழாயின் தசை தளர்ந்து விறைப்பு வருகிறது என்பதற்கு ஆதாரம். படம் பத்தாது என்று தோன்றியிருக்க வேண்டும். மாநாட்டு உரை நிகழ்த்துவதில் யாருக்கும் காமம் கிளம்பாது, நான் ரூமிலேயே ஊசி போட்டுக்கொண்டுதான் வந்தேன் என்று சொல்லி, ட்ராக் சூட்டை இறக்கிவிட்டார்! அதோடு விடாமல் கீழே இறங்கிச் சபையோர் பக்கம் வர, மாலை நேரம் என்று மனைவிகளோடு வந்திருந்தார்கள் பலர், முன் வரிசையில் பெண்கள் அலற, மனுஷன் வெலவெலத்துப் போய் ட்ராக் சூட்டை ஏற்றிக்கொண்டு உரையை முடித்துவிட்டார். க்ளாட்ஸ் இதை 2005-ல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார். லைப்ரரியில் உட்கார்ந்து படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து டேபிள் சீனப் பையன் முறைத்தான்.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். அன்று அந்த அறையில் இருந்தவர்களுக்குச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஒன்று புரிந்தது. மனசில் எதுவும் இல்லாமலே, வெறும் ரத்தக் குழாய் தளர்வதால் மட்டுமே இது நடக்கும். அப்படியென்றால் ரத்தக் குழாய் கெட்டால் இதுவும் கெடும். சர்க்கரை நோய் குழாயின் உள்பூச்சையும் நரம்பையும் சேர்த்தே அரிக்கிறது. இன்னொன்று, அந்த இடத்துக்குப் போகிற ரத்தக் குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிட மெலிசு. அடைப்பு உடம்பெல்லாம் பரவும்போது மெலிசான குழாயில்தான் முதலில் தெரியும். அதனால்தான் மாரடைப்புக்குச் சில வருஷம் முன்னாலேயே வரும் எச்சரிக்கையாக இதை இதய மருத்துவர்கள் பார்க்கிறார்கள். அன்றைக்கு அந்த டாக்டர், மாடிப்படி ஏறினால் நெஞ்சு வலிக்குதா, மூச்சு வாங்குதா என்று அடுக்கடுக்காகக் கேட்டது இதற்குத்தான். அங்கிள் என்னிடம் மெதுவாக, "இவ ஏன் தம்பி நெஞ்சுக்குப் போறா?" என்றார். :-)

வயாக்ரா கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். நெஞ்சுவலிக்கு என்று சோதித்த மருந்து வேறு வேலை செய்தது. அமெரிக்காவில் 1998 மார்ச்சில் அனுமதி, கனடாவில் அடுத்த வருஷம். கனடாவில் மருந்துக் கம்பெனிகள் பொதுமக்களுக்கான விளம்பரத்தில் மருந்தின் பேரையும் அது எதற்கு என்பதையும் ஒன்றாகச் சொல்லக் கூடாது. அதனால் இங்கே வந்த பழைய வயாக்ரா விளம்பரத்தில் ஒரு ஆள் காலையில் வீட்டைவிட்டுத் துள்ளிக் குதித்துக்கொண்டு வேலைக்குப் போவார், அவ்வளவுதான். எதற்குத் துள்ளுகிறார் என்று சொல்ல மாட்டார்கள்! 2012 நவம்பரில் கனடா உச்ச நீதிமன்றம் ஃபைசரின் காப்புரிமையைச் செல்லாது என்றது. காரணம் தெரியுமா? விண்ணப்பத்தில் ஏகப்பட்ட வேதிப்பொருள்களை அடுக்கிவிட்டு, அவற்றில் எது வேலை செய்யும் என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை. இந்த விஷயத்தில் மூடி மறைத்துப் பேசினால் கோர்ட்டுகூட ஒத்துக்காது போல. அதற்குப் பிறகு அதே சில்டெனாஃபில் மற்ற கம்பெனிகளின் பேரிலும் விலை குறைந்து கிடைக்க ஆரம்பித்தது.

ஆக மருந்து இருக்கு. மாத்திரை கேட்காவிட்டால் பம்ப் இருக்கு, பிரிண்ட்லி வழியில் ஊசி இருக்கு, அறுவை சிகிச்சை இருக்கு. இல்லாதது வாய்.

ஏன் இல்லை? என் பார்வையில் பாதிக் குற்றம் அந்தச் சொல்லுக்கு. ஆண்மைக்குறைவு. நீரிழிவு உடம்பில் ஒரு கோளாறு. காசநோய் நுரையீரலில் ஒரு கோளாறு. இது மட்டும் ஆளே குறை! "எனக்கு ஆண்மைக்குறைவு" என்று சொல்வது, "நான் ஆம்பளை கம்மி" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது மாதிரி. எந்தத் தமிழ்ப் படத்தை எடுத்தாலும் "நீயெல்லாம் ஒரு ஆம்பளையா?" என்று கேட்டால்தான் ஹீரோவுக்கே ரோஷம் வருது. அந்த ஊரில் வளர்ந்தவன் கிளினிக்கில் போய் இதைச் சொல்லுவானா?

மருத்துவத்துக்கும் அது உருப்படியான சொல் இல்லை. விறைப்புப் பிரச்சினை, விந்து சீக்கிரம் வருவது, விந்தணு எண்ணிக்கை குறைவு, ஆசையே இல்லாமல் போவது, நாலையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி அதன்மேல் ஆண்மைக்குறைவு என்று எழுதிவைத்திருக்கிறோம். நாலுக்கும் காரணம் வேறு, வைத்தியம் வேறு. இங்கிலீஷிலும் முன்னாடி இதற்கு வலிமையின்மை என்கிற அர்த்தத்தில் இம்பொடன்ஸ் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1992 டிசம்பரில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, அந்தச் சொல் இழிவாகவும் இருக்கு, தெளிவாகவும் இல்லை, விறைப்புச் செயல்பாட்டுக் குறைபாடு என்று சொல்லுங்கள் என்றது. அவர்கள் சொல்லை மாற்றி முப்பது வருஷத்துக்கு மேல் ஆச்சு. நாம இன்னும் பஸ் ஸ்டாண்ட் சுவரிலேயே நிற்கிறோம்.

பஸ் ஸ்டாண்ட் என்றதும் ஞாபகம் வருது. எங்க ஊர் கட்டணக் கழிப்பிடத்துச் சுவரைப் பார்க்காதவன் தமிழ்நாட்டில் வளர்ந்தவனே இல்லை. "வாலிப வயோதிக அன்பர்களே", "கவலை வேண்டாம்", மாதாமாதம் இன்ன தேதி இன்ன லாட்ஜில் பரம்பரை வைத்தியர் முகாம். 1954-லேயே இந்திய அரசு மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டம் போட்டு, இந்த மாதிரி விளம்பரமெல்லாம் குற்றம் என்று சொல்லிவிட்டது. போஸ்டருக்கு அந்தச் சட்டம் தெரியாது. நாம கேலி பண்ணிச் சிரிக்கிற இந்த லாட்ஜ் வைத்தியர்கள் ஒன்றை மட்டும் சரியாகப் புரிந்துவைத்திருந்தார்கள்: ஆம்பளை தானாக வந்து கேட்க மாட்டான், அவன் தனியாக நிற்கிற இடத்துக்கு நாமதான் போய்க் கேட்க வேண்டும். எம்பிபிஎஸ் படித்தவர்கள் கேட்காத கேள்வியை அவர்கள் கேட்டார்கள். பதிலாகக் கொடுத்த லேகியம்தான் மோசடி.

நல்ல டாக்டர்கள் யாருமே பேசவில்லை என்று சொன்னால் பாவம். விஜய் டிவியில் 2000-ஐ ஒட்டிய வருஷங்களில் வந்த புதிரா புனிதமா நிகழ்ச்சியில் மனநல மருத்துவர் மாத்ருபூதம் சிரிக்கச் சிரிக்க இதையெல்லாம் பேசினார். 2004-ல் காலமாகிவிட்டார். எங்க அப்பா அதைச் சத்தத்தைக் குறைத்துவைத்துப் பார்த்ததாக அம்மா போட்டுக்கொடுத்தாங்க. மும்பையில் மகிந்தர் வாட்சா எண்பது வயசில் மும்பை மிரர் பத்திரிகையில் கேள்வி பதில் ஆரம்பித்து, 2020-ல் தொண்ணூற்றாறு வயசில் இறந்தார். கேட்க ஒரு ஆள் கிடைத்தபோது நம்ம ஜனம் கேட்கத்தான் செய்தது.

இங்கே கனடாவிலும் லேகியம் உண்டு, பேக்கிங் மட்டும் பளபளப்பு. முழுக்க இயற்கை மூலிகை என்று கடைகளில் விற்கிற பாலியல் வலிமை கேப்ஸ்யூல்களைச் சோதித்து, லேபிளில் சொல்லாமலே சில்டெனாஃபில் கலந்திருக்கு என்று ஹெல்த் கனடா திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது, பறிமுதல் செய்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் தெரியாமல் அதை முழுங்கினால் ரத்த அழுத்தம் தடாலென்று விழும். உயிரே போகலாம். டாக்டரிடம் கூச்சப்பட்டுக் கடைக்காரனிடம் போவதன் விலை இதுதான்.

திரும்பி வரும்போது மார்க்கம் ரோடு பஸ்ஸில் அங்கிளிடம் கேட்டேன். இந்த ஊரில் இத்தனை தமிழ் டாக்டர்கள் இருக்காங்களே, அவங்ககிட்டே போயிருந்தா மொழிபெயர்ப்பே வேண்டாமே?

"விசரோ தம்பி? நாளைக்கு ஒரு கலியாண வீட்டில அந்தாளைக் கண்டா நான் எந்தப் பக்கம் பாக்கிறது?"

சரி, போனில் மொழிபெயர்ப்பாளர் தரேன்னாங்களே?

"அதுவும் எங்கட ஆள்தானே. குரலை வச்சே பிடிச்சிடுவினம். உமக்கு இஞ்ச ஆரையும் தெரியாதுதானே, அதுதான்."

நொந்துபோய்விட்டேன். தமிழ் தெரிந்த டாக்டரிடம் சொல்ல வெட்கம், தெரியாத டாக்டரிடம் சொல்ல வார்த்தை இல்லை, நடுவில் மகள். எனக்கு இந்த ஊரில் நாதியில்லை என்பதே அன்று என் ஒரே தகுதி. மொழிபெயர்ப்பாளர்கள் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்கள் என்று பஸ் இறங்கும்வரை சொல்லிப் பார்த்தேன். நம்பவில்லை. அங்கிளை விடுங்க, நீங்க நம்புவீங்களா? ஸ்கார்பரோவில் டாக்டராக இருக்கிற தமிழர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். உங்களிடம் வருகிற நாற்பது வயசுக்கு மேற்பட்ட ஆணிடம், கூட வந்தவரை ரெண்டு நிமிஷம் வெளியே அனுப்பிவிட்டு, நீங்களே கேளுங்க. அவர் இல்லை என்பார். அடுத்த தடவையும் கேளுங்க.

அங்கிளுக்கு பிரஷர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். ரத்தப் பரிசோதனை, இதயத்துக்கு ஈசிஜி. அதெல்லாம் பார்த்த பிறகுதான் சில்டெனாஃபில் எழுதினார்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போடக் கூடாது, முதல் தடவை வேலை செய்யாவிட்டால் விட்டுவிடக் கூடாது, ஆசை இல்லாமல் மாத்திரை மட்டும் ஒன்றும் செய்யாது, நைட்ரேட்டோடு சேர்க்கவே கூடாது. அத்தனையையும் அந்த ரெண்டாவது விசிட்டில் மொழிபெயர்த்தேன். முதல் நாள் மாதிரி வியர்க்கவில்லை. மாத்திரை பலன் கொடுத்ததா என்று நான் கேட்கவில்லை. அது அவர் வீட்டு விஷயம்.

சொல் பிரச்சினை மட்டும் மண்டைக்குள் ஓடிக்கிட்டே இருக்கு. விறைப்புத்தன்மைக் குறைபாடு என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். சரியான சொல்தான், ஆனால் ஒரு பெரியவர் வாயில் டாக்டர் முன்னாடி அது வராது. உங்க ஊர்ப் பக்கம் யாரையும் குத்தாத ஒரு பேச்சுச் சொல் இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்க. கும்மியடிக்கிறவங்க அடுத்த பதிவுக்கு வாங்க, ப்ளீஸ்.

நேற்று அங்கிள் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் எடுத்துக்கொண்டு கீழே வந்தபோது அவரிடமே கேட்டுப் பார்த்தேன். நீங்க இதை என்னன்னு சொல்லுவீங்க?

"இதில என்ன தம்பி யோசிக்கக் கிடக்கு? சீனி வருத்தம் எண்டுறம், பிரஷர் வருத்தம் எண்டுறம். இதுவும் ஒரு வருத்தம்தானே?"

எங்க ஊரில் வருத்தம் என்றால் மனக்கஷ்டம். அவர் தமிழில் நோய். ரெண்டும் சரியாத்தான் இருக்கு என்று சொல்ல வாயெடுப்பதற்குள் படியேற ஆரம்பித்துவிட்டார்.

"பாத்திரத்தை நாளைக்குத் தாரும், மனுசி தேடும்."